சுகந்தினியின் காபனீரொட்சைட்டு

இந்த ஆண்டு புதிதாகத் தலைமையாசிரியர் பொறுப்பேற்றிருக்கும் உங்களிடம் எதைச் சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்தேன். நிர்வாகம் பற்றிச் சொல்ல உங்களுக்குக் கையேடு இருக்கிறது. உங்கள் பள்ளிகளில் இப்போது பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து இங்கே கட்டட வேலை செய்பவர்களின் பிள்ளைகள் சேர்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஆணையும் வந்திருக்கும். ஆணை நல்லதாகவே இருக்கும். ஆனால் அதை நடத்திவைப்பது நம் கைதான். என் கை ஒருமுறை எப்படித் தவறியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் தாம்பரத்துக்கு அருகில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. முப்பத்தோரு வயது. சேலையூரில் வாடகை வீடு. இலங்கையிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. பெரும்பாலானவர்கள் முகாம்களில் இருந்தார்கள். கொஞ்சம் வசதியோ உறவோ இருந்தவர்கள் கேம்ப் ரோடு பக்கமும் கோவிலம்பாக்கம் பக்கமும் ஒற்றை அறை எடுத்துத் தங்கினார்கள். அந்தப் பிள்ளைகளிடம் மாற்றுச் சான்றிதழ் கேட்கக் கூடாது, பெற்றோர் எழுதிக் கொடுப்பதை ஏற்றுக்கொண்டு, ஒரு தேர்வு வைத்து, எந்த வகுப்புக்குத் தகுதியோ அதில் சேர்க்க வேண்டும் என்று அரசு சொன்னது. எவ்வளவு பெருந்தன்மையான ஆணை என்று ஆசிரியர் அறையில் நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டோம். தேர்வை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். பட்டியல் அன்று மாலைக்குள் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். சீக்கிரம் திருத்துவதற்காகக் கேள்விகளையெல்லாம் கோடிட்ட இடத்தை நிரப்புவதாகவே அமைத்தேன். அறிவியலிலும் கணக்கிலும் நாற்பது கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொல்லில் பதில்.

அவர்களில் ஒருத்தி சுகந்தினி. பதினைந்து வயது. ஒல்லியாக, இரட்டைப் பின்னலோடு, அம்மாவுக்கு அரையடி பின்னால் நின்றாள். அம்மாதான் பேசினார்.

"இவ அங்க பத்தாம் வகுப்புப் படிச்சுக்கொண்டிருந்தவ, டீச்சர். சோதினைக்குக் கொஞ்ச நாள் இருக்கேக்கதான் வெளிக்கிட்டனாங்கள். புத்தகம், சேர்ட்டிபிக்கற் ஒண்டும் எடுத்துக்கொண்டு வர ஏலாமப் போச்சு."

சுகந்தினியின் தாளைத் திருத்தும்போது மணி மூன்று. மின்விசிறி ஓடவில்லை. பள்ளி எழுத்தர் இரண்டு முறை வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார். எரியும் மெழுகுவத்தி எந்த வாயுவைப் பயன்படுத்துகிறது என்ற கேள்விக்கு 'ஒட்சிசன்' என்று எழுதியிருந்தாள். ஆக்சிஜனின் எழுத்துப் பிழை என்று அடித்தேன். செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம் 'செம்பக்கம்' என்று எழுதியிருந்தாள். நாம் அதைக் கர்ணம் என்போம். அடித்தேன். சுண்ணாம்பு நீரைப் பால்போல மாற்றும் வாயு எது என்ற கேள்விக்கு 'காபனீரொட்சைட்டு' என்று ஒரு நீளமான சொல். வாய்க்கு வந்ததை எழுதியிருக்கிறாள் என்று நினைத்து, வேகமாக ஒரு கோடு இழுத்து அடித்தேன். நாற்பதுக்கு ஒன்பது. எட்டாம் வகுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முடிவைச் சொன்னபோது அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "சரி டீச்சர். நல்லது" என்றார். சுகந்தினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்ததும் நிறுத்திக்கொண்டாள். நான் அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த சில வாரங்கள் அவள் என் எட்டாம் வகுப்பில், தன்னைவிட இரண்டு வயது சின்னப் பிள்ளைகள் நடுவே, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எஸ்தர். அப்பா பல்லாவரத்தில் கல்குவாரி லாரி ஓட்டுகிறவர். நல்ல வாயாடி. ஒருநாள் எஸ்தர் வராண்டாவில் என்னை மறித்தாள்.

"மிஸ், அந்த சிலோன் அக்காவுக்கு எல்லாம் தெர்து மிஸ். நேத்து எனக்குக் கணக்கு சொல்லிக் குட்துச்சு. அத்த ஏன் மிஸ் எங்க க்ளாஸ்ல போட்டீங்க?"

"போய் உன் வேலையைப் பாரு" என்றேன்.

இதைக் கவனியுங்கள். பரீட்சை வைத்த நான் ஒன்பது மதிப்பெண்ணைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்த எஸ்தர் ஆளைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் மாதம். பருவமழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. எட்டாம் வகுப்புக்கு ஒரு செய்முறை செய்து காட்டினேன். குடுவையில் சலவைக்கல் துண்டுகளைப் போட்டு, நீண்ட கால் கொண்ட புனல் வழியாக அமிலம் ஊற்ற வேண்டும். வாயு இன்னொரு குழாய் வழியாக வந்து சுண்ணாம்பு நீரைப் பாலாக்க வேண்டும். எத்தனையோ முறை செய்ததுதான். அன்று குடுவையில் நுரைத்ததே தவிர, சுண்ணாம்பு நீரில் ஒரு குமிழிகூட வரவில்லை. தக்கையை இறுக்கிப் பார்த்தேன். குழாயை ஊதிப் பார்த்தேன். ஐம்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து சுகந்தினி எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அத்தனை வாரத்தில் அவள் குரலையே நான் வகுப்பில் கேட்டதில்லை.

"டீச்சர், புனலின்ர கால் அமிலத்துக்குள்ள முட்டேல்ல. வாயு அதுக்குள்ளால மேல போகுது."

குனிந்து பார்த்தேன். புனலின் நுனி அமிலத்துக்கு மேலே விரலளவு உயரத்தில் நின்றது. வாயு முழுவதும் புனல் வழியே வெளியே போய்க்கொண்டிருந்தது. "நீயே வந்து செய்" என்றேன். வந்தாள். புனலை மெதுவாக அழுத்தி இறக்கினாள். சுண்ணாம்பு நீரில் குமிழி வந்தது. ஒரு நிமிடத்தில் வெளுத்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"என்ன வாயும்மா இது?" என்று கேட்டேன்.

"காபனீரொட்சைட்டு, டீச்சர்."

நான் கோடு இழுத்து அடித்த சொல். கையிலிருந்த சுண்ணக்கட்டியை அவளிடம் கொடுத்து, "சமன்பாடு எழுது" என்றேன். கரும்பலகையில் அவள் எழுதிய குறியீடுகள் உலகம் முழுவதும் ஒன்றேதான். சமன்பாடு சரியாகச் சமன் செய்யப்பட்டிருந்தது. அது பத்தாம் வகுப்புப் பாடம்.

"அந்தப் பேரைக் கொஞ்சம் பிரிச்சுச் சொல்லும்மா."

"காபன், ஈர், ஒட்சைட்டு. ஈர் எண்டா ரெண்டு. ரெண்டு ஒட்சிசன் அணு இருக்குதெல்லோ, அதான்."

"ஒரு அணுதான் இருந்தா?"

"ஓர். காபனோரொட்சைட்டு. அது நச்சு வாயு, டீச்சர்."

நாம் 'கார்பன் டை ஆக்சைடு' என்று ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம். 'டை' என்றால் என்ன என்று என் பிள்ளைகளிடம் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். அங்கே யாரோ உட்கார்ந்து, ஈர் என்றும் ஓர் என்றும் நம் பழைய எண்களை வேதியியலுக்குள் கொண்டுபோய்ப் பொருத்தியிருக்கிறார்கள். பெயரைச் சொன்னாலே அணுக்களின் எண்ணிக்கை தெரிந்துவிடும். அதே தமிழில் இப்படி ஒரு முழு அறிவியல் இருப்பது, தமிழில் அறிவியல் கற்பித்துச் சம்பளம் வாங்கிய எனக்குத் தெரியாது. முன்பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி, "மிஸ், வார்த்தக்குள்ளயே கணக்கு கீது மிஸ்!" என்று கத்தினாள். அன்று வகுப்பு முழுவதும் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தது.

மாலையில் பதினொரு விடைத்தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, சுகந்தினியைப் பக்கத்தில் உட்காரவைத்து மறுபடி படித்தேன். அவள் தாளில் முப்பத்தேழு பதில்கள் சரி. இன்னும் மூன்று பிள்ளைகளுக்கும் நான் தவறான வகுப்பு கொடுத்திருந்தேன்.

"அன்னிக்கே ஏன்மா சொல்லல?" என்று கேட்டேன். அவள் வாசல் பக்கம் பார்த்தாள். அழைத்துப்போக வந்திருந்த அம்மா பதில் சொன்னார்.

"நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான், டீச்சர். இருக்க இடம் தந்தவையோட நியாயம் கதைக்கக் கூடாதெல்லோ. எட்டோ பத்தோ, பிள்ளை பள்ளிக்கூட வாசலுக்குள்ள போனாக் காணும் எண்டு இருந்தனான்."

என் பணிக்காலம் முழுவதும் என்னைத் தொடர்ந்து வந்த வார்த்தைகள் இவை. இடம் தேடி வந்தவர்கள் நம் தவறைச் சுட்டிக்காட்ட மாட்டார்கள். நன்றி அவர்கள் வாயைக் கட்டிவிடும். உங்கள் பள்ளியில் அந்தப் பெற்றோர் யாரும் புகார் சொல்லவில்லை என்றால், எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நீங்களே போய்த் தேடுங்கள்.

மறுநாள் எழுத்தரிடம் போனேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப்பட்டியல் வெள்ளிக்கிழமை போகிறது. அன்று செவ்வாய்.

"இன்னா டீச்சர், எட்டாங்கிளாஸ்ல கீற பொண்ண பத்தாங்கிளாஸ் லிஸ்ட்ல எப்டி ஏத்தறது? நீங்க கையெய்த்து போட்டுதான மேல அனுப்ச்சோம்? என்ன பேஜார்ல மாட்டிவுட்றாதீங்க" என்றார் அவர். அவர் சொன்னதில் தவறில்லை.

எங்கள் தலைமையாசிரியர் குரலை உயர்த்தாத மனிதர். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"எத்தனை பேரு?"

"நாலு பேரு சார்."

"யாராவது வந்து கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல சார்."

அவர் வெள்ளைத் தாளை எடுத்தார். "எழுத்துப் பிழையால் வகுப்பு மாறிவிட்டதுன்னு எழுதறேன். உங்களுக்கும் பிரச்சினை இல்ல, பிள்ளைங்களுக்கும் காரியம் ஆகும். சரியா?"

உண்மையைச் சொல்கிறேன், சரி என்று சொல்லத்தான் எனக்கு ஆசையாக இருந்தது. என் பதவி உயர்வு அந்த ஆண்டு வரவேண்டியது. வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. எழுத்துப் பிழை என்றால் நான்கு பிள்ளைகளின் வகுப்பு மாறும். அத்தோடு விஷயம் முடிந்துவிடும். மற்றப் பள்ளிகளில் என்னைப்போல் எத்தனை பேர் 'ஒட்சிசனை' அடித்திருப்பார்கள்? அவர்களுக்கு யார் சொல்வது?

"மதிப்பிட்டது தப்புன்னே எழுதுங்க சார். என் பேரையும் போடுங்க."

அவர் அப்படியே எழுதினார். "தபால்ல போட்டா வெள்ளி தாண்டிடும். நீங்களே கொண்டுபோங்க. அந்தப் பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

புதன்கிழமை காலை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போகத் தாம்பரத்தில் ரயில் ஏறினோம். சுகந்தினி, அவள் அம்மா, நான். மாவட்டக் கல்வி அலுவலர் ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தவர். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"ஆணையில ஒரு தேர்வுதான் சொல்லியிருக்கு, அம்மா. ரெண்டாவது தேர்வு வைக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"ரெண்டாவது தேர்வு வேண்டாம் சார். அதே தாள்தான். அவ எழுதினது சரி. நான் திருத்தினதுதான் தப்பு."

"இது உங்க பணிப் பதிவேட்டுல ஏறும். தெரியுமா?"

"தெரியும் சார்."

விடைத்தாளை வாங்கினார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே போனார். நடுநடுவே சுகந்தினியிடம் அர்த்தம் கேட்டார். அவள் சொன்னாள். காபனீரொட்சைட்டுக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அடேயப்பா" என்றார். பிறகு முகம் மாறியது.

"நான் வகுப்பை மாத்திடுவேன். ஆனா பொதுத்தேர்வுல உன் தாள் எந்த ஊருக்கோ போகும். அங்க திருத்தறவரும் உங்க டீச்சர் செஞ்சதைத்தானே செய்வார்? அஞ்சு மாசம்தான் இருக்கு. நீ படிச்ச வார்த்தையெல்லாம் மறந்துட்டு எங்க வார்த்தையைக் கத்துக்க முடியுமா?"

சுகந்தினி அம்மாவைப் பார்த்தாள். இந்த முறை அம்மா அவள் கையைப் பிடிக்கவில்லை.

"மறக்க மாட்டன், சேர். இதையும் வைச்சுக்கொண்டு அதையும் படிப்பன்."

வந்தவர்களை நம்மோடு இணைப்பது பற்றி நான் பிற்காலத்தில் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பதினைந்து வயதுப் பெண் ஒரே மூச்சில் சொன்னதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அலுவலர் மணியடித்துத் தட்டச்சரைக் கூப்பிட்டார். "இந்தப் பொண்ணு சொல்றதை அடிச்சுக்குங்க. இடது பக்கம் அவங்க சொல், வலது பக்கம் நம்ம சொல். நம்ம சொல்லை டீச்சர் சொல்லுவாங்க. எல்லாப் பள்ளிக்கும் சுற்றறிக்கையா அனுப்பணும்."

வராண்டாவில் ஒரு மேசை போட்டார்கள். வெளியே மழை. சுகந்தினி சொல்லத் தொடங்கினாள். ஒட்சிசன். ஐதரசன். நைதரசன். ஒளித்தொகுப்பு; நான் ஒளிச்சேர்க்கை என்றேன். கேத்திரகணிதம்; வடிவியல். அட்சரகணிதம்; இயற்கணிதம். கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. புத்தகங்கள் கடலுக்கு அந்தப் பக்கம், திரும்பிப் போக முடியாத வீட்டில் கிடந்தன. அவள் பாடம் பாடமாக, அந்தப் புத்தகத்தின் பக்கங்களை மனத்துக்குள் புரட்டிக்கொண்டே சொன்னாள். சில இடங்களில் கண்ணை மூடினாள். 'அந்தப் பக்கத்தில ஒரு தவளையின்ர படம் இருக்கும்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த சொல்லைப் பிடித்தாள். இரண்டு மணி நேரம். எனக்கு நான்கைந்து இடங்களில் நம் சொல்லே தெரியவில்லை. அலுவலகத்தில் வேலையாயிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து சுவரோரம் நின்றார்கள். தட்டச்சர் தாளை மாற்றும்போதுகூட ஓசைப்படாமல் மாற்றினார். என் வாழ்க்கையில் கோயிலிலும் கச்சேரியிலும் புல்லரித்ததுண்டு. ஓர் அரசு அலுவலக வராண்டாவில் புல்லரித்தது அன்று ஒருநாள்தான்.

மற்ற மூன்று பிள்ளைகளின் வகுப்பும் திருத்தப்பட்டது. வெள்ளிக்கிழமைப் பட்டியலில் சுகந்தினியின் பெயர் ஏறியது. எழுத்தரே அழகான கையெழுத்தில் எழுதினார். என் பதிவேட்டிலும் ஒரு வரி ஏறியது. பதவி உயர்வு ஓராண்டு தள்ளிப்போனது. அதை நான் தியாகமாகச் சொல்லவில்லை. செய்த தவறுக்கு அது குறைவுதான்.

சுகந்தினி தேறினாள். பிறகு மேல்நிலை, அதன்பின் அகதி மாணவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் கல்லூரி. தொண்ணூறுகளில் நிலைமை மாறி, அந்தப் பிள்ளைகளைச் சேர்க்கவே பல இடங்களில் தயங்கிய காலமும் வந்தது. அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் பட்ட பாடு வேறு கதை. நான் சொல்ல வந்தது அவள் தேர்வு எழுதிய அந்த ஆண்டு, கோடையில் நடந்த ஒன்றை.

விடைத்தாள் திருத்த என்னை வேறொரு மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். ஒரு பள்ளியின் பெரிய கூடத்தில் இருநூறு ஆசிரியர்கள் இருப்போம். கடைசி நாள். திருத்தி முடித்த கட்டுகள் சணலால் கட்டிச் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. மதியத்துக்குள் முடித்துவிட்டு ஊருக்குப் பேருந்து பிடிக்க எல்லோரும் பைகளைத் தயாராக வைத்திருந்தார்கள். அப்போது என் கைக்கு வந்த தாளில் 'ஐதரசன்' என்று இருந்தது. சுகந்தினியின் கையெழுத்து இல்லை. எந்த முகாமில், எந்தத் தகரக் கூரைக்குக் கீழே படித்த பிள்ளையோ தெரியாது. எங்கள் சுற்றறிக்கை எங்கள் மாவட்டத்தோடு நின்றுவிட்டது. இந்தப் பிள்ளைக்கு யாரும் நம் சொல்லைச் சொல்லித் தரவில்லை.

அந்தத் தாளுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு நான் பேசாமல் இருந்திருக்கலாம். பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினேன். "முந்தாநாள் இந்த மாதிரி ஒண்ணை நான் அடிச்சேனே, டீச்சர்" என்றார்.

விடைத்தாள் திருத்தும் முகாமின் அலுவலரிடம் போனேன். கண்டிப்பான அம்மையார். கட்டிய கட்டை அவிழ்க்க விதி இடம் கொடுக்காது. அவர் அனுமதித்தால்தான் உண்டு.

"எத்தனை தாள் அப்படி இருக்கும்?"

"தெரியாது மேடம். பத்து இருக்கலாம். ஒண்ணுகூட இல்லாமலும் போகலாம்."

"ஒண்ணுகூட இல்லன்னா இருநூறு பேரோட அரை நாள் வீண். எல்லாரும் என்னைத் திட்டுவாங்க."

"ஆமா மேடம்."

அவர் சுவரோரம் இருந்த கட்டுகளைப் பார்த்தார். பைகளோடு இருந்த ஆசிரியர்களைப் பார்த்தார். ஒலிபெருக்கியை எடுத்து, விஷயத்தை நான்கே வரிகளில் சொன்னார். கரும்பலகையில் என்னை அந்தச் சொற்களை எழுதச் சொன்னார். எழுதினேன். முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பு கேட்டது. ஒருவர், "பஸ் போயிடும்மா" என்றார். நான் திரும்பவில்லை.

எழுதி முடித்துத் திரும்பியபோது, அப்படிச் சொன்ன அந்த மனிதரே சுவரோரம் குந்தி, தன் கட்டின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர் எழுந்தார். பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். கூடம் முழுவதும் தாள்கள் புரளும் ஓசை, மழை போல.

கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. நான் முகாம் அலுவலரைப் பார்க்கவே துணியவில்லை. அப்புறம் கூடத்தின் கோடியில், ஜன்னலோரம் ஒரு கை உயர்ந்தது.

"மேடம், இங்க ஒண்ணு."

நடுவரிசையில் இன்னொரு கை. அதற்குப் பின்னால் இன்னொன்று.